எப்படி அடிபட்டது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்

வீங்கிய முழங்காலோடு வருபவர்களிடம் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது, எப்படி விழுந்தீர்கள் என்பதுதான். முட்டி நேராகத் தரையில் மோதியதா, கால் ஊன்றியபடியே உடம்பு திரும்பியதா, வண்டி பக்கவாட்டில் இடித்ததா? பலர் "விழுந்துவிட்டேன் டாக்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் எந்த எலும்பு, எந்த ஜவ்வு என்று பாதி ஊகித்துவிடலாம். எங்கே இன்னும் கவனமாகத் தேட வேண்டும் என்பதும் புரியும்.

முதலில் முட்டிச் சில்லு. மடங்கிய முட்டி தரையிலோ காரின் முன்பலகையிலோ நேராக மோதினால் சில்லு பல துண்டுகளாக நொறுங்கும். முட்டி எதிலும் மோதாமலேயே சில்லு குறுக்காக இரண்டாகப் பிளப்பதும் உண்டு. படியில் கால் தவறும்போது விழாமல் இருக்க முன்தொடைத் தசை திடீரென இறுகும். அந்த இழுப்பே போதும். அப்படி உடைந்து துண்டுகள் விலகியவர்களால் படுத்தபடி காலை நேராகத் தூக்க முடியாது. இவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். துண்டுகள் விலகாமல், காலையும் தூக்க முடிந்தால் கட்டு போட்டே சில வாரங்களில் சேர வாய்ப்பு உண்டு.

எனக்கு அதிகக் கவலை தருவது கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு உடைவது. உடம்பின் எடையைத் தாங்கும் பரப்பு அது. மேலே குருத்தெலும்பு வழவழப்பாக இருக்கிறது, அடியில் எலும்பு பஞ்சு போல் நுண்துளைகளோடு இருக்கிறது. முழங்காலின் வெளிப்புறம் வண்டியின் பம்பர் மோதும்போது கால் உள்பக்கமாக வளையும், தொடை எலும்பு இந்தத் தட்டின் வெளிப்பாதியில் சம்மட்டியாக இறங்கும். தட்டு பிளக்கும், சில நேரம் ஒரு பகுதி அப்படியே உள்ளே அமுங்கிவிடும். உள்பாதி இதைவிடக் கெட்டியானது. அது உடைந்திருந்தால் வந்த விசை பெரியது என்று அர்த்தம். ஜவ்வு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த முறிவுகளை ஆறு வகையாகப் பிரிக்கும் ஷாட்ஸ்கர் முறை 1979-இல் வந்தது, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அமுங்கிய ஆழம் எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியாது. சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று சொன்னால் அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மூட்டுப் பரப்பு சமமாகச் சேராவிட்டால் பின்னாளில் அதே மூட்டில் தேய்மானம் வரலாம்.

தொடை எலும்பின் கீழ்முனை உடைந்தால் ஆபத்து வேறு மாதிரி. கெண்டைக்கால் தசை உடைந்த துண்டைப் பின்னால் இழுக்கும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அங்கேதான், முட்டிக்குப் பின்னால், எலும்பை ஒட்டி ஓடுகிறது. பாதம் வெளுத்தோ சில்லிட்டோ மரத்தோ போனால் நேரம் கடத்தாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு அவசர நிலையையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மேல்தட்டு முறிவுக்குப் பிறகு கெண்டைக்காலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகலாம். வலி மருந்து கொடுத்தும் வலி கூடும், கெண்டைக்கால் கல் மாதிரி இறுகும், கால் விரலை யாராவது மெல்ல நீட்டினாலே துடித்துப்போவார்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது. துடிப்பு இருக்கும்போதே உள்ளே தசை சாக ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் அறுவை செய்து அந்த அழுத்தத்தைத் திறந்துவிடாவிட்டால் இழப்பு நிரந்தரம். கட்டு போட்ட காலில் இப்படி வலி ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. அவர்களுடைய ஜவ்வைவிட எலும்பின் வளரும் பகுதிதான் எளிதில் விட்டுக்கொடுக்கும். பெரியவருக்கு முன்சிலுவை ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது) கிழியும் அதே அடியில், சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கு அந்த ஜவ்வு பிடித்திருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வரலாம். தாவிக் குதித்து விளையாடும் பதின்பருவப் பையன்களுக்கு முட்டிக்குக் கீழே உள்ள மேடு பெயர்வதும் உண்டு. வளரும் எலும்பைப் படத்தில் படிப்பது சிரமம் என்பதால் சில நேரம் நல்ல காலையும் சேர்த்து எக்ஸ்ரே எடுப்போம்.

படத்தில் சின்னதாகத் தெரிவதெல்லாம் சின்னக் காயம் அல்ல. கீழ்க்கால் எலும்பின் வெளி விளிம்பில் ஒரு செதில் மட்டும் பெயர்ந்திருக்கும். பிரெஞ்சு மருத்துவர் பால் செகோன் 1879-இல் விவரித்த முறிவு இது. இதைக் கண்டால் முன்சிலுவை ஜவ்வும் கிழிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டே அடுத்த பரிசோதனைக்குப் போவோம்.

சரி, எப்போது படம் எடுத்தே ஆக வேண்டும்? அடிபட்டவர் 55 வயதைத் தொட்டவர் என்றால், நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாவிட்டால், சில்லின் மேலோ வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின் மேலோ தொட்டால் வலித்தால். இதில் ஒன்று இருந்தாலே எடுக்க வேண்டும். ஓரிரு மணி நேரத்துக்குள் மூட்டு பெருத்து வீங்கினால் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கலாம், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், இழுத்து நிமிர்த்த வேண்டாம். கால் எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையோ தலையணையோ வைத்து அசையாமல் தாங்கிக் கொண்டுவந்தால் போதும்.

அப்புறம், வீட்டுக்குள் நடக்கும்போது தடுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு வரும் முதியவர்கள். இவர்களிடமும் எப்படி விழுந்தீர்கள் என்றே கேட்கிறேன். விழுந்தது சிறிது, உடைந்தது பெரிது என்றால் காரணம் எலும்புக்குள்ளேயே இருக்கிறது, அது வலுவிழந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் இதில் அதிகம். சிலர் விழவே இல்லை என்பார்கள். முட்டியின் உள்பக்கம் திடீரென வலி, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தால் குருத்தெலும்புக்கு அடியில் நுண்ணிய முறிவு. தேய்மானம் என்று நினைத்து இதோடேயே நடந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. பிளேட் வைத்துச் சேர்த்துவிட்டதோடு இவர்களுக்கான சிகிச்சை முடிவதில்லை. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா பரிசோதனை எடுக்க வேண்டும், வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டும், தேவையானால் எலும்பைப் பலப்படுத்தும் மருந்தைத் தொடங்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்து இடுப்பிலோ முதுகெலும்பிலோ முறிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.