கொழுப்பைக் கரைக்கும் ஊசி தோலுக்கு அடியில் என்னதான் செய்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஐந்து கண்ணாடிக் குப்பிகள், மேலே கொரிய எழுத்து. "அக்கா, இது கொழுப்பைக் கரைச்சிடுமாம். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கு, பார்லர்ல ஒரு அம்மா போட்டு விடுறேன்னு சொல்றாங்க" என்று கிரியோலில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள், தாடைக்கு அடியில் இருக்கிற சதையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டிக்கொண்டே.

கரைச்சிடும் என்று கேட்டதும் வெயிலில் வெண்ணெய் உருகுகிற மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது. நடப்பது அது இல்லை, இந்த ஊசி செல்களைக் கொல்கிறது. மருந்தின் பெயர் டியாக்ஸிகோலிக் அமிலம். நம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற பொருள்தான்: கல்லீரல் சுரக்கும் பித்த அமிலத்தைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கொஞ்சம் மாற்றினால் இது கிடைக்கிறது. ஏழு கறி விருந்து முடிந்து எண்ணெய்ச் சட்டியில் சோப்பு போட்டதும் எண்ணெய்ப்படலம் உடைந்து சிதறுகிறதே, குடலில் பித்தமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைத் தோலுக்கு அடியில் ஏற்றும்போது உடைவது செல்லின் சவ்வு, ஏனென்றால் அந்தச் சவ்வே கொழுப்பால் ஆனது. சவ்வு கிழிந்ததும் செல் சாகிறது, உள்ளே இருந்த கொழுப்பு வெளியே கொட்டுகிறது, பிறகு வெள்ளணுக்கள் வந்து பல வாரம் எடுத்து அந்தக் குப்பையை அள்ளுகின்றன.

2000களின் தொடக்கத்தில் சோயாவிலிருந்து எடுத்த லெசிதின்தான் கொழுப்பைக் கரைக்கிறது என்று நம்பி அதை ஊசியாகப் போட்டார்கள். லெசிதின் தண்ணீரில் கலக்க வேண்டுமே என்றுதான் டியாக்ஸிகோலிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வு வேலை செய்ததே அந்தத் துணைச்சரக்குதான் என்று காட்டியது!

இந்த மருந்துக்குக் கொழுப்புச் செல் எது, நரம்பு எது என்று தெரியாது. புரதம் அதிகமுள்ள திசுவில் அல்புமின் என்ற புரதம் இதைப் பிடித்துக்கொண்டு வீரியத்தைக் குறைக்கும், கொழுப்பில் புரதம் குறைவு என்பதால் அடி அங்கே பலமாக விழும். கிடைக்கிற பாதுகாப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊசி பிடிக்கிற கையில் இருக்கிறது. தேர்ந்த மருத்துவர் தாடைக்கு அடியில் 1 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளை அச்சுக் குத்திக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் 0.2 மி.லி. மட்டும், தோலுக்கும் கழுத்துத் தசைக்கும் நடுவே இருக்கிற கொழுப்பில் செலுத்துவார். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 50 புள்ளி, மொத்தம் 10 மி.லி. மட்டும். ஊசி ஆழம் போகாமல் தோலிலேயே இறங்கினால் தோல் அழுகிப் புண்ணாகும். தாடை எலும்பின் விளிம்புக்குப் பக்கத்தில் போனால் அங்கே ஓடும் முக நரம்பு அடிபட்டு, சிரிக்கும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணும். மருத்துவர்களே போட்ட சோதனைகளில்கூட 100 பேரில் 4 பேருக்கு இப்படி ஆனது. எல்லோருக்கும் சரியாகிவிட்டது, ஆனால் சிலருக்குப் பல மாதம் ஆனது. 2 பேருக்கு விழுங்கக் கொஞ்ச நாள் சிரமம் இருந்தது.

பலன் இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015 ஏப்ரலில் இதை அனுமதித்தது, அதுவும் தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும். வயிறு, கை, தொடை எதற்கும் அனுமதி இல்லை. செத்த கொழுப்புச் செல் பெரும்பாலும் திரும்பி வராது, அறுவை சிகிச்சையும் வேண்டாம், உடற்பயிற்சிக்கு அசையாத அந்தச் சின்ன மடிப்பு நிறையப் பேருக்கு நிஜமாகவே குறைகிறது. ஆனால் எடை ஏறினால் மிச்சமிருக்கும் செல்கள் பருக்கும். உடம்பு இளைக்க இது வழியும் இல்லை. மொரிஷியஸில் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதற்குக் காரணமாகிற கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி இருப்பது. அந்த இடத்துக்கு இந்த ஊசி போகவே போகாது.

அப்புறம் வீக்கம். செல் செத்தால் உடம்பு வீங்கத்தான் செய்யும், சோதனைகளில் 100க்கு 87 பேருக்கு வீங்கியது, 72 பேருக்குக் கன்றிப்போனது, 66 பேருக்கு மரத்துப்போனது. தவளைக் கழுத்து மாதிரி சில நாள் இருக்கும். ஒரு தடவை போட்டதும் அடுத்ததற்குக் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், ஆறு தடவை வரை போடலாம்.

இணையத்தில் விற்கிற குப்பிகள் எனக்கு இதைவிடப் பெரிய பயம். அனுமதி இல்லாத கொழுப்பு ஊசிகளைப் போட்டவர்களுக்கு நிரந்தரத் தழும்பு, கடுமையான கிருமித்தொற்று, வலிக்கும் ஆழமான கட்டிகள் வந்ததாக 2023இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சுத்தமில்லாத ஊசியில் காசநோய்க் கிருமியின் சொந்தக்கார பாக்டீரியா ஒன்று உள்ளே போய்விட்டால், மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால்தான் போகும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் முனையில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்காரர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை, லிப்போ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. "இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் தங்கை சமையலறைக் காலண்டரில் வாரங்களை எண்ணினாள். இன்றைக்கே நல்ல மருத்துவரிடம் போனால்கூட இரண்டாவது ஊசியின் வீக்கம் பரிசம் போடுகிற வாரத்தில்தான் வந்து நிற்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கையின் கழுத்தை எப்படித் தைக்கலாம் என்று சித்தியிடம் கேட்க ஆரம்பித்தாள்.