விலங்கு உருவம் அடிக்கும் முன் இரும்பை விசாரியுங்கள்

இரும்பை அடித்து விலங்கு உருவங்கள் செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் மிரள்வது உலையையும் சம்மட்டியையும் பார்த்துத்தான். மிரளட்டும், நல்லதுதான். அந்த மிரட்சி இருக்கிற வரை கை தானாகவே ஒதுங்கி நிற்கும். எனக்குக் கவலை எல்லாம் அவர்கள் பையில் தூக்கிக்கொண்டு வருகிற பழைய இரும்பைப் பற்றி. வண்டிச் செயின், பளபளக்கிற ஸ்பேனர், குழாய்த் துண்டு, ஷாக் அப்சார்பர், ஒரு பிடி போல்ட். இதில் கழுகு வருமா, முதலை வருமா என்று கேட்பார்கள். வரும். ஆனால் அதில் எதை உலைக்குள் விடலாம், எதை விடவே கூடாது என்று பிரித்துப் போட்ட பிறகுதான் மற்றப் பேச்சு.

ஜி.ஐ. பைப்பிலிருந்து தொடங்குகிறேன். கொக்கின் கால், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து என்று நினைத்த உடனே எல்லாரும் தேடுவது அதைத்தான். அதன் மேல் இருப்பது துத்தநாக முலாம். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், கார்பன் குறைந்த எஃகு) கம்பியை வசமாக அடிக்க 1,100 முதல் 1,250 டிகிரி வரை சூடு வேண்டும். கணக்கு அவ்வளவுதான். இரும்பு அடிக்கும் பதத்துக்கு வருவதற்குள் முலாம் முழுக்கப் பட்டறைக் காற்றில் கலந்திருக்கும். அடர்ந்த வெள்ளைப் புகை எழும்பும், பஞ்சு பஞ்சாக வெள்ளைத் தூசி மிதக்கும்.

அதைச் சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் வினை. நாலு மணி முதல் பத்து மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்புவலி. ஏதோ ஃப்ளூ என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால், அடுத்த வாரம் மறுபடி அதே பைப்பை உலைக்குள் வைப்பார். பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு. ஆஸ்துமாவோ வேறு நுரையீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு இது சாதாரணக் காய்ச்சலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன உலோகத்தைக் காய்ச்சினீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

காட்மியம் என்கிற உலோகத்தின் முலாம் இதைவிடக் கொடியது. 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆரம்பத்தில் துத்தநாகக் காய்ச்சல் போலவே இருக்கும், பிறகு நுரையீரல் வீங்கி உயிரையே எடுத்துவிடலாம். பழைய இயந்திர போல்ட்டுகளிலும் விமான பாகங்களிலும் அந்த முலாம் உண்டு. தங்க நிறத்தில் மின்னுகிற போல்ட்டில் இருப்பது காட்மியமா துத்தநாகமா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் தங்க மினுமினுப்பு உள்ள எதுவும் என் உலைக்குள் போகாது. துணி மாஸ்க் கட்டிக்கொள்கிறேன் என்பார்கள். உலோகப் புகையைத் துணி தடுக்காது. குரோம் பூசிய ஸ்பேனரைக் காய்ச்சினாலும் கிரைண்டரில் தேய்த்தாலும் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய குரோமியம் கிளம்பலாம். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். முலாமை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். ஆனால் அந்த அமில ஆவி பட்டறையில் உள்ள கருவிகளை எல்லாம் துருப்பிடிக்க வைத்துவிடும். முலாம் இல்லாத புதுக் கம்பி வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

புதுக் கம்பி எதற்கு, பழைய பாகங்கள் வெளியே தெரிந்தால்தான் அழகு என்பார்கள். அப்படியில்லை. ஜப்பானில் மியோச்சின் வம்சத்துக் கவசக் கொல்லர்கள், போர் ஓய்ந்த எடோ காலத்தில், மூட்டுக்கு மூட்டு அசையும் இரும்பு விலங்குகளைச் செய்தார்கள். 1713-இல் மியோச்சின் முனெயாகி செய்த டிராகன் இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரும்பைத் தட்டித் தட்டிச் செதில் செதிலாகக் கோத்த வேலை. எந்தக் குரோமும் அதற்குத் தேவைப்படவில்லை.

பழைய இரும்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. குதிரைக் குளம்பு ராவித் தேய்ந்த அரம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் பற்கள் அப்படியே பாம்புச் செதில். ஒரு முனையைத் தட்டித் தலையாக்கி, மறுமுனையை வாலாக இழுத்து, சூட்டில் நெளித்தால் பாம்பு உயிரோடு வரும். ஆனால் அது கார்பன் கூடிய எஃகு. மஞ்சளாக ஒளிரும் சூட்டுக்குப் போகாமல் ஆரஞ்சு நிறத்திலேயே அடிக்க வேண்டும். சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். ஆறிய பிறகு தட்டினால் துண்டு தெறிக்கும். சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் போல இருபுறமும் மூடிய எதையும் நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். நாமே செய்கிற வேலையிலும் இது உண்டு. இரண்டு கிண்ணங்களை வெல்டிங் செய்து யானை வயிறு செய்கிறவர்கள், வெல்டிங்குக்கு முன்பே அடியில் ஒரு துளை போட்டுவிட வேண்டும். வெளியில் வைக்கும் சிலையானால் உள்ளே சேரும் தண்ணீர் வடியவும் அதே துளை உதவும்.

தீக்காயம் என்றால் செக்கச் சிவந்த இரும்பால் வருவது என்று நினைப்போம். நான் பார்த்தவை அநேகமாகக் கறுத்த இரும்பால் வந்தவை. செம்மறிக் கிடாவின் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரக் கம்பியின் நுனியைக் காய்ச்சி, இரு ஓரங்களையும் நீளவாக்கில் உளியால் பிளந்து கொம்புக்கு விடுவோம். நடுப்பகுதி முகம். கொம்புகளை நுனி மெலிய இழுத்து ஒவ்வொன்றாகச் சுருட்டும்போது, மெலிந்த கொம்பு சீக்கிரம் நிறம் இழந்துவிடும். முகம் இன்னும் சிவப்பாக இருக்கும். கண் சிவப்பைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க, விரல் கறுத்த கொம்பைப் பிடிக்கப் போகும். அந்தக் கொம்பு 400 டிகிரியில் இருக்கலாம். 500 டிகிரிக்குக் கீழே பகல் வெளிச்சத்தில் இரும்பு ஒளிர்வது தெரியாது. எதைத் தொடும் முன்பும் புறங்கையை அருகே கொண்டுபோய் அனல் பாருங்கள். உடை பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு தட்டுக்கூடத் தட்டாதீர்கள். அடிக்கும்போது இரும்பின் மேல் படிந்த கருஞ்செதிள் தெறிக்கும், கம்பி பிரஷ் சக்கரம் அதன் கம்பிகளையே எறியும். கண்ணாடி ஊதுவோர் அணியும் ஊதா நிற டிடிமியம் கண்ணாடியைச் சிலர் வாங்குகிறார்கள். அது சோடியத்தின் மஞ்சள் ஒளியைத்தான் மறைக்கும். உலையின் அகச்சிவப்புக் கதிருக்கு அதை நம்பாதீர்கள். மூடிய அறையில் உலை மூட்டினால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும், தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் சேர்த்தே தள்ளி நிறுத்துங்கள்.

கடைசி வேலை மெருகு. வெதுவெதுப்பான இரும்பில் ஆளி விதை எண்ணெய் தடவித் துடைத்தால் கறுப்பு ஆழமாக இறங்கும். துடைத்த துணியை உருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். குவிந்த துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும், அதுவும் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.