இரவில் மட்டும் தூரத்து ரேடியோ ஏன் கேட்கிறது?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்ட வீடுகள் ஏராளம். மின்சாரம் மிதியில் வந்தது, சரி. ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. பிறகு எப்படிக் கடல் தாண்டிய ஒலிபரப்பு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது?

தலைக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் தொடங்கிப் பல நூறு கிலோமீற்றர் வரை அயன மண்டலம் இருக்கிறது. சூரியனின் புறவூதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்குள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்துவிடுகின்றன; இலத்திரனை இழந்தவை அயன்கள். அப்படித் திரியும் இலத்திரன்கள்தான் ரேடியோ அலையை வளைத்துத் தரைக்குத் திருப்புகின்றன. 1902இல் கெனலியும் ஹெவிசைடும் ஊகித்ததை, 1924இல் அப்பிள்டன் சோதனை செய்து உறுதிப்படுத்தினார். 1947இல் நோபல் பரிசும் பெற்றார்.

எல்லா அடுக்கும் நமக்கு உதவுவதில்லை. அடியிலுள்ள 'டி' அடுக்கு பகலில் மத்திய அலையை (மீடியம் வேவ்) விழுங்கிவிடும். அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. அலை இலத்திரனை ஆட்டத் தொடங்கியதுமே அது பக்கத்து மூலக்கூறில் மோதி, வாங்கிய சக்தியை வெப்பமாகத் தொலைத்துவிடுகிறது. அதே அடர்த்தியால், பொழுதுபட்டதும் இலத்திரன்கள் சட்டென்று அயன்களோடு சேர்ந்துவிட, அடுக்கே காணாமல் போகிறது. 200 கிலோமீற்றருக்கு மேலுள்ள 'எஃப்' அடுக்கில் காற்று மிக ஐது. துணை கிடைக்காத இலத்திரன்கள் விடியும்வரை அலைந்துகொண்டிருக்கும். தடை நீங்கிய மத்திய அலை அதுவரை ஏறி, வளைந்து, வெகுதூரத்தில் இறங்குகிறது.

திருச்சி வானொலி பகலிலும் கேட்குமே என்பீர்கள். அது வேறு விசயம். உப்புநீர் நல்ல மின்கடத்தி. பாக்கு நீரிணையை ஒட்டியபடியே அந்த அலை வந்துவிடும்.

அந்த 'எஃப்' அடுக்கின் உயரத்தில் வெப்பநிலை 1000 பாகை செல்சியசையும் தாண்டும். ஆனால் வெறும் வெப்பமானியை அங்கே நிழலில் பிடித்தால் உறைகுளிரைத்தான் காட்டும். துகள்கள் படுவேகம், ஆனால் வந்து மோதுபவை மிகச் சொற்பம்.

யாழ்ப்பாணம் காந்த மத்தியகோட்டுக்கு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோட்டுக்கு, பக்கத்தில் இருப்பதால் இங்குள்ள வானம் இன்னும் குழப்படி. இந்தியா 1963இல் தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவக் கேரளத்திலுள்ள தும்பாவைத் தேர்ந்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான். சூரியன் மறைந்ததும் 'எஃப்' அடுக்கு மேலெழும்ப, அதற்குள் இலத்திரன் குறைந்த குமிழிகள் உருவாகி உயரே போகின்றன. அவற்றினூடாக வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை துடிக்கும், சிலவேளை அறுந்தும் போகும். மார்ச், செப்ரெம்பரை ஒட்டிய இரவுகளில், அதுவும் சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில், இந்தத் தொல்லை அதிகம்.