அரை வரி செய்யும் குழப்பம்

பரணில் கிடந்த, நின்டெண்டோ நிறுவனத்தின் என்.இ.எஸ். வீடியோ விளையாட்டுக் கருவியைத் தூசி தட்டி, அதன் வீடியோ ஒயரை இன்றைய பெரிய திரை டிவியின் மஞ்சள் துளையில் செருகினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். ஆனால் மங்கலாக, நிறம் கசிந்து, அகலவாக்கில் இழுபட்டு வரும். பட்டனை அழுத்தினால் மாரியோ சற்றுப் பொறுத்துத்தான் குதிப்பான். கருவி பழசாகிவிட்டது என்று மறுபடியும் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கருவியின் மீது குற்றமே இல்லை. 1985இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அனுப்பிய அதே சிக்னலைத்தான் இன்றும் அது அனுப்புகிறது. புதிய டிவிதான் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. அந்தத் தவறின் வேர் ஓர் அரை வரி.

பிக்சர் டியூப் டிவியில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடிப் படத்தை வரையும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என, விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை, பாதிப் பாதியாக அனுப்பினார்கள். 525இல் பாதி 262.5. சூட்சுமம் அந்த அரையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாதியும் அரை வரி நேரம் தள்ளித் தொடங்குவதால், அதன் வரிகள் முந்தைய பாதியின் வரிகளுக்கு நடுவே போய் விழும்.

என்.இ.எஸ். அந்த அரை வரியை அனுப்புவதில்லை. 262 வரிகளோடு முடித்துக்கொண்டு அடுத்த படத்தைத் தொடங்கிவிடும். அதில் 240 வரிகள் படத்துக்கு. மிச்சமுள்ள 22 வரிகளின் நேரத்தில் கற்றை கீழிருந்து மேலே திரும்பிவிடும். அரை வரித் தள்ளல் இல்லாததால் கற்றை ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் ஓடுகிறது. ஒளிபரப்பு விதிப்படி பார்த்தால் இது முறைகேடான சிக்னல். பிக்சர் டியூப் வரிகளை எண்ணிக்கொண்டிருக்காது. திரும்பச் சொல்லும் துடிப்பு வந்தால் திரும்பும், அவ்வளவுதான். அதனால் விநாடிக்கு 60 முழுப் படங்கள் நடுக்கமே இல்லாமல் கிடைத்தன. கருவியையும் டிவியையும் இவ்வளவு நுணுக்கமாக அறிந்து செய்த வேலை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

புதிய டிவியில் கற்றை கிடையாது. வரும் வரிகளை நினைவகத்தில் சேர்த்து, திரையின் அளவுக்குப் பெருக்கி, பிறகுதான் காட்டும். மஞ்சள் துளை வழியே வருவதெல்லாம் பாதிப் படம் என்றே பல டிவிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அடுத்தடுத்த இரண்டு முழுப் படங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுகின்றன. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் அடிபட்டதும் மாரியோ மினுங்குவான் அல்லவா? அந்த நேரத்தில் நிரல் ஒரு படம் விட்டு ஒரு படத்தில் மட்டுமே அவனை வரைகிறது. அந்த இரண்டையும் கோத்தால் ஒரு வரியில் மாரியோ, அடுத்த வரியில் வெறும் பின்னணி. மினுங்க வேண்டியவன் சீப்புப் பற்கள்போலக் கீற்றுக் கீற்றாக நிற்கிறான். மங்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விளையாடுபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தியையே டிவி அழித்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தாமதமும் இந்தச் சேர்ப்பு வேலையில் பிறப்பதுதான். ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. டிவி 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் திரை கையைவிட மூன்று படங்கள் பின்தங்கிவிடும். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ விளையாட்டின் துப்பாக்கிக்கு மட்டும் அதுவும் உதவாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையிலுள்ள உணரி பார்க்க வேண்டும். கருவி விடையை எதிர்பார்க்கும் நொடியில் புதிய டிவி அந்தக் கட்டத்தை இன்னும் காட்டியே இருக்காது.

தீர்வு, டிவிக்கு முன்னால் இந்தச் சிக்னலைப் புரிந்துகொள்ளும் ஒரு பெட்டியை வைப்பது. ஓ.எஸ்.எஸ்.சி. என்ற பெட்டி முழுப் படத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வரி வந்ததும் அதையே இரண்டாகவோ மூன்றாகவோ திருப்பி அனுப்பிவிடும். ஒரு வரிக்கு 63.5 மைக்ரோ விநாடிதான் என்பதால் தாமதம் கைக்குத் தெரியாது. ஆனால் அதற்கு ஆர்.ஜி.பி. போல நிறங்கள் தனித்தனியாக வரும் சிக்னல் வேண்டும்; என்.இ.எஸ். அதைத் தருவதில்லை. ரெட்ரோடிங்க் என்ற இன்னொரு வகைப் பெட்டியில் மஞ்சள் துளையோடு வரும் மாடல்கள்தான் என்.இ.எஸ்.க்குப் பொருத்தம். மஞ்சள் ஒயர் சிக்னலைப் புதிய டிவியின் எச்.டி.எம்.ஐ. துளைக்கு மாற்றித் தரும், மலிவாகக் கிடைக்கும் ஏ.வி.-எச்.டி.எம்.ஐ. மாற்றிகளை வாங்க வேண்டாம் என்பேன். அவற்றில் பல, டிவி செய்யும் அதே கோக்கும் தவறைச் செய்கின்றன. பெருக்கத்துக்கு 4கே திரை நன்றாக ஒத்துவரும்: 240ஐ 9ஆல் பெருக்கினால் சரியாக அதன் 2160 வரிகள். 1080 வரித் திரையில் நாலரை மடங்கு என்பதால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போகலாம்.

தெளிவைக் கூட்டிக்கொண்டே போவதும் எல்லா இடத்திலும் சரியல்ல. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற விளையாட்டுக் கருவியில் ‘சோனிக்’ (1991) விளையாட்டின் அருவி, ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரையப்பட்டது. வெளிச்சமும் நிறமும் ஒரே ஒயரில் கலந்து வரும்போது அந்தக் கோடுகள் குழைந்து, பின்னாலிருப்பது தெரியும் தண்ணீராக மாறும். ஆர்.ஜி.பி. ஒயரில் பார்த்தால் வெறும் கம்பிவேலி. அந்த ஒரு காட்சிக்காகவே நான் மெகா டிரைவுக்கு மஞ்சள் ஒயரைத்தான் பரிந்துரைப்பேன்.

நம் ஊரில் 1990களில் விற்ற, என்.இ.எஸ்.ஸின் நகல் கருவிகளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் டிவிகளுக்காகச் செய்யப்பட்டவை பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், விநாடிக்கு 50 படங்கள் அனுப்புபவை. அங்கே 312.5 வரிக்குப் பதில் 312. அதே அரை வரிக் கதைதான். மாற்றிப் பெட்டி வாங்கும்போது அது 50 ஹெர்ட்ஸ் பால் சிக்னலை அப்படியே ஏற்று, 50 ஹெர்ட்ஸிலேயே வெளியே அனுப்புகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 60ஆக மாற்றினால் ஐந்து படங்களுக்கு ஒன்று இரு முறை வரும். ஓடும் பின்னணி விக்கி விக்கி நகரும்.