"முழுசா சரியாகட்டும், அப்புறம் வேலைக்கு அனுப்பலாம்"

சென்ற வாரம் வட சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகனுக்கு 34 வயது, டிப்ளமோ முடித்தவர். 23 வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. இப்போது மருந்து ஒழுங்காகப் போகிறது. காதில் குரல் கேட்பது எப்போதாவதுதான், அதையும் அவரே சமாளித்துக்கொள்கிறார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் போடும் வேலைக்குப் பேசி வைத்திருந்தேன். அம்மா சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மேடம். முழுசா சரியாகட்டும், அப்புறம் அனுப்புறேன்."

இதையே அவர் என்னிடம் முதல்முறை சொன்னது 2019இல்.

இந்த மாதத்தில் மட்டும் இப்படிச் சொன்ன நான்காவது குடும்பம் இது. மனநல சமூகப் பணியாளராக இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவில்லை, அதனால்தான் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

வேலைக்குப் போகாதவர் பதினொரு மணிக்கு எழுந்திருக்கிறார். டீ, டிவி, மறுபடி படுக்கை. கல்யாண வீட்டில் "என்ன பண்றே தம்பி?" என்று யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்துகிறார். பேச ஆளில்லாமல் பேச்சு குறைகிறது. சவரம் செய்துகொள்ளக் காரணமில்லை, அதனால் செய்வதில்லை. இதையெல்லாம் காட்டி, "பாருங்க மேடம், இன்னும் சரியாகல" என்கிறீர்கள். இதில் பாதி நோய். மீதிப் பாதி, வருஷக்கணக்காகச் சும்மா உட்கார வைத்ததால் வந்தது. எது குறைய வேண்டும் என்று காத்திருக்கிறீர்களோ, அதைக் காத்திருப்பே வளர்க்கிறது.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடுவதைவிட, விருப்பமுள்ளவரை நேரடியாகச் சாதாரண வேலையில் அமர்த்தி, கூடவே நின்று உதவுவதுதான் பலன் தருகிறது. 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உருவான இந்த முறையைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் ஊருக்கும் இது புதிதல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகளின் கைக்கு வேலை கொடுப்பதைச் சிகிச்சையாகவே பார்த்தார். மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்திலும் மறுவாழ்வு முக்கியமான பணி.

அந்த மளிகைக் கடைக்கு மகனை ஒருநாள் அழைத்துப் போனேன். அரை கிலோ துவரம்பருப்பை நிறுத்தார். காகிதத்தின் வாயை மடித்தார். கை லேசாக நடுங்கியது (மருந்தால் வருவது, பலருக்கும் உண்டு), சணல் ஒருமுறை நழுவியது. மறுமுறை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அடுத்த பொட்டலத்துக்குக் காகிதம் எடுத்தார். கடைக்காரர் வேறு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் இதையெல்லாம் கவனிக்கக்கூட இல்லை.

இனி, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

காலையில் எழ முடியவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல, பெரும்பாலும் மாத்திரையின் தூக்கம். மருத்துவரிடம் சொல்லுங்கள், நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள். முதல் சம்பளம் வந்ததும் "இனிமே எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டு, சில மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்க வருகிறீர்கள். பிறகு பழி வேலைமேல் விழுகிறது. பெண் பார்க்கப் போவதற்காக மாத்திரையை ஒளித்து வைக்கும் குடும்பங்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

முதலாளிக்கு தினமும் போன் செய்யாதீர்கள். சம்பளத்தை வேலைக்குப் போகிறவர் கையிலேயே இருக்க விடுங்கள். நோயைப் பற்றி வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவர் சம்மதம் இல்லாமல் நாங்களும் சொல்ல மாட்டோம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசு வேலை ஒதுக்கீட்டில் பங்கு கேட்கலாம். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவரை, இடையில் வந்த குறைபாட்டைக் காரணம் காட்டி நீக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை யாரிடமாவது கேளுங்கள். பேச ஆள் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைக்காரர் வரும் திங்கள்வரை இடம் வைத்திருக்கிறேன் என்றிருக்கிறார். ஏழு மணிக்கு வேண்டாம், பத்து மணிக்கு வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். அம்மா, அன்றைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். இரண்டு தெருதான், அவருக்கு வழி தெரியும்.