ட்ரோமா: மன அதிர்ச்சியா, மனவடுவா?

போரால் ஊரைவிட்டு ஓடியவர்களின் மனநிலையைப் பேசும்போது சிங்கப்பூரில் நம் வாயில் முதலில் வருவது ‘ட்ரோமா’. தமிழில் எழுத வேண்டிவந்தால் ‘மன அதிர்ச்சி’ என்று போட்டுவிடுகிறோம்.

கிரேக்க மூலத்தில் ‘ட்ரோமா’வுக்குக் காயம் என்றுதான் பொருள். நெடுங்காலம் உடற்காயத்துக்கான மருத்துவச் சொல்லாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனக்காயத்தையும் குறிக்கத் தொடங்கியது.

‘அதிர்ச்சி’ எனக்குப் போதவில்லை. குண்டு விழுந்த நேரத்தை அது சொல்லும். அதற்குப் பிந்திய ஆண்டுகளைச் சொல்லாது. ஈழத் தமிழர் வழங்கும் ‘மனவடு’ அதைச் சொல்கிறது. தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று குறள் பிரித்துக் காட்டுகிறதே, அந்த வடு.

சரி, வடு யாருடையது? 1972இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கு அழிந்தது. பிழைத்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் கிடைத்தன. ஆனால் பழைய அண்டை வீட்டாரை அருகருகே குடியமர்த்த யாரும் நினைக்கவில்லை. அங்கே ஆய்வு செய்த சமூகவியலாளர் கை எரிக்சன், தனிமனிதர் காயம் வேறு, மக்களை இணைத்திருந்த உறவுகள் அறுந்த காயம் வேறு என்று பிரித்தார். இரண்டாவதே ‘கூட்டு மனவடு’. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இக்கருத்தைக் கொண்டு போருக்குப் பிந்திய வட இலங்கையை ஆராய்ந்தார்.

2009இல் வன்னிப் போர் முடிந்தபோது ஏறக்குறைய 300,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே தொடக்கத்தில் வெளியே போக அனுமதி இல்லை, பிழைப்பு இல்லை, காணாமல்போன பிள்ளையைப் பற்றித் தகவல் இல்லை. ஷெல்லடி நின்ற பிறகும் இவை ஒவ்வொன்றும் மனத்தை அரிக்கும். பல நாட்டு அகதிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளிவந்த ஆய்வும் இதையே காட்டியது: முகாம் போன்ற இடங்களில் தங்கவைக்கப்பட்டவர்கள், வேலைவாய்ப்புக் குறைந்தவர்கள், தாங்கள் விட்டோடிய நாட்டுக்கே திருப்பியனுப்பப்பட்டவர்கள் ஆகியோரின் மனநலம் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. நிரந்தர வீடும் வேலையும் மனநல மருத்துவத்தின் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. ஆளில்லாமல் போன லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) துயரத்துக்கு ‘அதிர்ச்சி’ என்ற பெயர் பொருந்துமா?

அதனால் மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிகழ்வு நடந்த முதல் சில நாள்களுக்கு ‘அதிர்ச்சி’ போதும். நீடிக்கும் பாதிப்புக்கு ‘மனவடு’ என்று எழுதுங்கள். ‘கலெக்டிவ் ட்ரோமா’ என்று வந்தால் ‘கூட்டு மனவடு’. ‘சமூக அதிர்ச்சி’ என்று எழுதினால், ஊரே ஏதோ செய்தி கேட்டுத் திடுக்கிட்டது போல ஆகிவிடும்.