போலியோ ஒழிப்பு: சொல் விளக்கம்

'போலியோமைலைட்டிஸ்' என்னும் நீண்ட மருத்துவப் பெயரின் முன்பகுதியே போலியோ. கிரேக்கத்தில் 'போலியோஸ்' என்பது சாம்பல் நிறத்தையும், 'மையெலோஸ்' என்பது மஜ்ஜையையும் தண்டுவடத்தையும் சுட்டும். 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிக்கும் ஈறு. ஆக, தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியில் உண்டாகும் அழற்சி என்பது முழுப்பொருள். வழக்கில் பெயர் சுருங்கியபோது நோயைச் சொல்லும் பகுதி உதிர்ந்து, நிறத்தைச் சொல்லும் பகுதி மட்டும் நின்றுவிட்டது. தமிழிலுள்ள 'போலி'க்கும் இதற்கும் உறவில்லை.

தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் இளம்பிள்ளை வாதம். 'வாதம்' காற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. குறள் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்னும்போது முதலில் வைக்கும் வளி இதுவே. உறுப்புகள் செயலிழப்பதை வளியின் கேடாகக் கண்ட மருத்துவ மரபில் பக்கவாதம், முடக்குவாதம் ஆகியவற்றோடு இப்பெயரும் இயல்பாகச் சேர்ந்துகொண்டது. ஆயினும் இப்பெயரின் இரு பகுதிகளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டோரையே பெரும்பாலும் தாக்கினாலும் இந்நோய் பெரியவர்களையும் விடுவதில்லை. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், தம் 39ஆம் வயதில், இந்நோய் எனக் கண்டறியப்பட்டது. அவர் 1938இல் நிறுவிய அறக்கட்டளைக்குப் பொதுமக்கள் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பிய நன்கொடை பின்னர் தடுப்பூசி ஆய்வுக்கும் உதவியது. 'வாதம்' என்ற பாதியோ இன்னும் குறைவாகவே சொல்கிறது: தொற்றுக்கு உள்ளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே மீளாத வாதம் வருகிறது, மற்றவர்களுள் பெரும்பாலோர் எந்த அறிகுறியுமின்றியே நச்சுயிரியை (வைரஸை) பரப்புகின்றனர்.

'ஒழிப்பு' என்ற சொல்லின் கடுமை இங்கேதான் விளங்கும். இதற்கு ஈடான 'எராடிகேஷன்' என்னும் ஆங்கிலச் சொல், வேரைக் குறிக்கும் லத்தீன் 'ராடிக்ஸ்' என்பதிலிருந்து பிறந்தது. ஆதலால் 'வேரறுப்பு' என்பதே நேர்ப்பொருள். கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு எனக் கண்டபடி வழங்கியதில் 'ஒழிப்பு' தன் கூர்மையை இழந்துவிட்டது. நோயியலில் ஒரு நிலப்பரப்பில் தொற்று இல்லாமற்போவது 'நீக்கம்'. உலகில் எங்குமே இல்லாமற்போவது மட்டுமே 'ஒழிப்பு'. ரோட்டரி சங்கம் 1985இல் தொடங்கிய நிதித்திரட்டலும், 1988இல் உலக சுகாதாரப் பேரவை மேற்கொண்ட தீர்மானமும் இலக்காக வைத்தது இந்த இரண்டாவதையே. இயற்கையாகப் பரவும் மூவகை நச்சுயிரிகளுள் இரண்டாம் வகை 2015இலும் மூன்றாம் வகை 2019இலும் ஒழிந்தனவாக அறிவிக்கப்பட்டன. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் முதல் வகை எஞ்சியிருப்பதால், 'போலியோ ஒழிந்தது' என்று எழுதுவது பிழை. இன்னும் எட்டாத இலக்கைச் சுட்டும் 'போலியோ ஒழிப்பு முயற்சி' என்பதே இப்போதைக்குச் சரியான தொடர்.